அடித்தண்ணீர் குடித்த தலைவர்

ஆசைத் தம்பி சவரிமுத்து,

நீ கண்ணை மூடி ஒரு வருசம் ஆகப்போகிறது. நல்ல செய்தி ஏதாவது சொல்லலாமென்றால், நம் பஞ்சாயத்துத் தலைவர் அதற்கு வழி வைக்கவில்லை.

கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்தபோது, ஆண்டுவிழாவில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடலைக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? நீலம் கரைத்த உப்புத் தண்ணீரை மெல்ல ஊற்றினாய். அது நல்ல தண்ணீருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. விசிறியால் வீசினாய். மேல்தண்ணீர் மட்டும் நகர்ந்தது. சமுத்திரத்திலும் இப்படித்தான், மேலே இருப்பதைக் காற்று தள்ளுகிறது, குளிர்ந்த தண்ணீரும் உப்புக் கூடிய தண்ணீரும் கனத்து அடியில் இறங்கி ஊர்கிறது, அது விட்ட இடத்துக்கு வேறு தண்ணீர் வருகிறது, அதனால்தான் கடல் ஓரிடத்தில் நிற்பதில்லை என்றாய். விருந்தாளியாக வந்திருந்த இந்தத் தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்:

“கரிசக்காட்டுல கடல் எதுக்கு வாத்தியாரே? கம்பு வெதைக்கவா?”

கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்தாய். எனக்கு அன்றைக்கே வயிறு எரிந்தது.

இப்போது ஊருக்குக் கரண்டு வந்துவிட்டது. குடிதண்ணீர்க் கிணற்றுக்குத் தலைவர் மோட்டார் வைத்தார். நம் கிணற்றில் மழைத்தண்ணீர் மேலே, உப்பு அடியில். வாளியை அலுங்காமல் இறக்கி மேலாக மொண்டுதான் கோடை முழுக்கக் குடித்தோம். அந்த மேதாவி குழாயைக் கிணற்றின் அடித்தரை வரைக்கும் இறக்கச் சொன்னார்.

“அண்ணாச்சி, அடியில உப்பு கெடக்கு. குழாய மேல தூக்கி வைங்க,” என்றேன்.

“கெணத்துக்குள்ள என்ன மேத்தண்ணி, கீத்தண்ணி? ஒன் தம்பி மாதிரி நீயும் கடல்பாடம் நடத்துதியாக்கும்? அடுப்படியப் போய்ப் பாரு.”

திறப்பு விழாவில் மோட்டாருக்கு ஒரு மாலை, அதைவிடப் பெரிய மாலை அவருக்கு. முதல் தம்ளரை அவரே குடித்தார். பக்கத்தில் அதிகாரி நிற்கிறார், துப்ப முடியுமா? கண்ணில் நீர் முட்ட விழுங்கிவிட்டு, “எளநி கணக்கா இருக்கு,” என்றார். அதிகாரியும் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்தத் தலைக்குத்தானா அவ்வளவு ஓட்டுப் போட்டோம்?

சிரிப்பு சீக்கிரமே போய்விட்டது. மோட்டார் இழுத்த இழுப்பில் மேலே கிடந்த நல்ல தண்ணீரும் கலங்கி உப்பாகிவிட்டது. ஊர்ப் பெண்களெல்லாம் பக்கத்து ஊருக்குக் குடத்தோடு நடக்கிறோம். உன் பெண்டாட்டியும் கைக்குழந்தையை என்னிடம் போட்டுவிட்டு நடக்கிறாள். தலைவரோ, மோட்டார் சின்னது, அதனால்தான் உப்பு என்கிறார். பெரிய மோட்டார் வாங்கப் போகிறாராம். இதற்கு மேல் என்ன சொல்ல?

நீ இருந்திருந்தால் இவருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருப்பாய். எனக்கு அந்தக் குணம் கிடையாது. நீ இல்லாதது நெஞ்சை அறுக்கிறது.

மோட்டாரைப் போட விடாமல் தெருப் பெண்கள் முறை வைத்துக் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறோம். இன்றைக்கு என் முறை, இங்கிருந்துதான் எழுதுகிறேன். காலையில் தலைவர் வந்து, “ஏட்டி, எந்திரி. மோட்டாரப் போடணும்,” என்றார்.

“தாகமா அண்ணாச்சி? அடியில நெறைய கெடக்கு, குடிக்கீகளா?” என்றேன்.

போய்விட்டார். மழை பெய்து மறுபடி நல்ல தண்ணீர் மேலே நின்று, அந்தக் குழாயும் மேலே ஏறும்வரை நாங்கள் இங்கேயிருந்து எழுந்திருக்க மாட்டோம். இது உனக்கு நான் செய்யும் சத்தியம்.

உன் கூடப்பிறந்த அக்கா,
ஞானம்மாள்