பின்பக்கம் மூடிய பதக்கம்

மார்ச் 4

மூத்தவளுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இத்துடன் இருப்பது, உன் அப்பா கப்பலிலிருந்து முதல் விடுப்பில் வந்தபோது எனக்குக் கொடுத்த அம்பர் கல். சின்னவள் கல்யாணத்துக்கு இதை வெள்ளியில் பதக்கமாகக் கட்டித் தா. கல் என்பது பேச்சுக்குத்தான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மரத்தில் வடிந்த பிசின், மண்ணுக்குள் கிடந்து இறுகியது. கான்வென்டில் எங்கள் சிஸ்டர் ஒரு துண்டைக் கம்பளியில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்துக் காட்டுவார். அந்தக் காலத்து வியாபாரிகள் இதைக் குளிர்கடல் கரையில் பொறுக்கித் தேசம் தேசமாகச் சுமந்தார்களாம். உள்ளே இருக்கும் ஈ, மனிதர் பிறக்குமுன் பறந்தது. சம்பந்தியம்மாவிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன்.

புருஷனை விட்டு வந்து பட்டறையில் உட்கார்ந்தவளை நாலு பேர் முன் காட்டிக்கொள்ள எனக்கு ஆசையில்லை. ஆனாலும் வேலை ஒழுங்காக இருந்தால் நீ கல்யாணத்துக்கு வரலாம். என் பக்கத்திலேயே நிற்கலாம்.

அம்மா

மார்ச் 22

அன்புள்ள அம்மா,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்துதான் படித்தேன்.

பதக்கத்தை அனுப்பியிருக்கிறேன். அம்பர் சூடு தாங்காது; வெள்ளியைப் பற்றவைத்து ஆறவிட்ட பிறகே கல்லை உள்ளே இறக்கினேன். ஓரத்தில் நீங்கள் பின்னும் லேஸ் மாதிரி கம்பி முறுக்கியிருக்கிறேன். ஒளி ஊடுருவ வேண்டும் என்று அம்பரின் பின்பக்கத்தைத் திறந்தேதான் விடுவோம். இதற்கு மட்டும் தகடு வைத்து மூடியிருக்கிறேன். யாரும் திறக்க வேண்டாம் என்று சின்னவளிடம் சொல்லுங்கள்.

சாம்பல் நிறத்தில் ஒரு புடவை வாங்கியிருக்கிறேன். உங்கள் பக்கத்தில் நிற்க அது சரியாக இருக்குமா?

உங்கள் மகள்

ஏப்ரல் 6

மூத்தவளுக்கு,

புடவையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு.

நிச்சயத்துக்கு வந்த சம்பந்தியம்மாவின் தம்பி நகைக்கடைக்காரர். "இதை ஏன் மூடி வெச்சிருக்காங்க?" என்று தகட்டை நெம்பினார். ஊசியைக் காய்ச்சிக் கல்லில் வைத்தார். "அம்பர்னா பிசின் வாசனை வரணும்க்கா. இது பிளாஸ்டிக் சீப்பு எரியற நாத்தம்ல வருது" என்றார். சம்பந்தியம்மா என்னைப் பார்த்து, "பாவம், உங்களை யாரோ நல்லா ஏமாத்தியிருக்காங்க. யாருன்னுதான் தெரியல" என்று சிரித்தார்.

என் கையிலிருந்து போனபோது அது அசல் என்றேன். மூத்தவள் மாற்றிவிட்டாள் என்றேன். நீ உடனே சம்பந்தியம்மாவுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி என் முகவரிக்கு அனுப்பு.

அம்மா

ஏப்ரல் 11

அம்மா,

பொட்டலத்தைப் பிரித்ததுமே எனக்குத் தெரிந்தது. பிசினில் சிக்கிய ஈ துடித்திருக்கும். கால் முறிந்து, இறகு மடங்கிக் கிடக்கும். இந்த ஈ சிறகை விரித்துப் படத்துக்கு உட்கார்ந்தது போல இருக்கிறது. செத்த பிறகு பிளாஸ்டிக்கில் வைத்தது. அப்பாவை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. கல்லின் பின்பக்கம் ஏற்கெனவே காய்ச்சிய ஊசி வைத்த ஒரு துளை இருந்தது. பழைய துளை, உள்ளே அழுக்கு அடைந்திருந்தது. கல் இருந்த அலமாரியின் சாவி என்றைக்கும் உங்கள் இடுப்பில்தான். அந்தத் துளை யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் மூடினேன்.

அவர்களுக்கு எதை வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன். எனக்கு மட்டும், நான் எடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். போதும்.

உங்கள் மகள்

ஏப்ரல் 17

மூத்தவளுக்கு,

துளையைப் பற்றி எழுதியிருந்தாய். அதை இனி எழுதாதே.

உன் அப்பா பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறார். அவர் கொடுத்த ஒரே பொருளைப் போலி என்று நாலு பேர் சொல்ல விடமாட்டேன். சின்னவள் அந்த வீட்டுக்கு வாழப் போகிறவள். நீ எப்படியும் பெயர் கெட்டவள். உன்மேல் இன்னும் ஒன்று ஏறினால் யார் கண்ணுக்கும் உறுத்தாது.

நீ கேட்ட வரியை எழுத மாட்டேன். நான் கேட்ட கடிதத்தை அனுப்பு.

அம்மா

ஏப்ரல் 21

அம்மாவுக்கு,

நீங்கள் கேட்ட கடிதம் உள்ளே இருக்கிறது. திருடினேன் என்றே எழுதியிருக்கிறேன். மாற்றினேன் என்று மட்டும் எழுதினால், அசல் எங்கே என்ற சந்தேகம் மிஞ்சும்.

பதக்கம் செய்தவள்

ஜூலை 9

மூத்தவளுக்கு,

உன் கடிதத்தை எல்லோர் முன்னும் படித்தேன். நன்றாக எழுதியிருந்தாய். கையெழுத்து மட்டும் இன்னும் வலப்பக்கம் சாய்கிறது. சின்ன வயதிலேயே திருத்தியிருக்க வேண்டும். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த வயிறு என்ன பாடுபட்டிருக்கும்" என்றார். கல்யாணம் குறையில்லாமல் முடிந்தது. சின்னவள் போன் செய்வதில்லை. புது வீடு, வேலை இருக்கும்.

பதக்கம் என்னிடம்தான் இருக்கிறது. வீட்டில் மட்டும் போட்டுக்கொள்கிறேன். வெள்ளி கறுத்துவிட்டது. அந்தக் கம்பி முறுக்குக்குள் துணி போகவில்லை. எதைக் கொண்டு துடைப்பது என்று முன்பே இரண்டு முறை கேட்டு எழுதினேன். நீ பதில் போடவில்லை. கடிதங்கள் திரும்பியும் வரவில்லை. ஆகவே நீ அங்கேதான் இருக்கிறாய்.

கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. வேறு எதையும் எழுத வேண்டாம்.

அம்மா