பெரியப்பாவுக்கு ஒரு தேதி

ரயில் ஏறாத என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் சொல்லிவிட்டுப் போன காரியத்தை முடித்துவிட்டேன். 1993-ல் சொன்னீர்கள். முடிக்க எனக்குப் பதினான்கு வருஷம் ஆகிவிட்டது.

திண்டிவனம் ஸ்டேஷன் நம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனாலும் விழுப்புரத்தில் கல்யாணமோ கருமாதியோ, நீங்கள் பஸ்ஸில்தான் வருவீர்கள். நாங்கள் ரயிலில் முன்னால் போய் இறங்கி, பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து உங்களைக் கேலி செய்வோம். தண்டவாளத்தைத் தாண்டும்போது ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள் என்று ஒரு நாளாவது கேட்டேனா?

இத்தனைக்கும் நான் சரித்திர வாத்தியார். சிங்கப்பூர் விழுந்த தேதி, ஸ்டாலின்கிராட் சண்டை முடிந்த தேதி, நார்மண்டியில் படைகள் இறங்கிய தேதி என்று எல்லாவற்றையும் பிள்ளைகளை உருப்போட வைத்தேன். போர் எப்படி நாடு விட்டு நாடு பரவியது என்பதற்கு ஓர் உதாரணமும் வைத்திருந்தேன். கூரை வீட்டுத் தெருவில் ஒரு வீடு பற்றிக்கொண்டால், நெருப்பு அனுமதி கேட்டுக்கொண்டா அடுத்த வீட்டுக்குப் போகும்?

ஒரு நாள் நான் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வகுப்பு வாசலுக்கு வந்தீர்கள். அப்போது அந்த உதாரணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தூக்குச்சட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனீர்கள். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்தேன்.

நீங்களும் பெரியப்பாவும் மலேயாவுக்கு ரப்பர் பால் வெட்டப் போனீர்கள். ஜப்பான்காரன் வந்ததும் சயாமில் ரயில் பாதை போட உங்கள் இருவரையும் பிடித்துப் போனான். சண்டை ஓய்ந்து நீங்கள் மட்டும் திரும்பினீர்கள். வீட்டில் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கூட்டேரிப்பட்டில் காத்திருந்த பெரியம்மாவிடம், அண்ணன் அடுத்த கப்பலில் வருவார் என்று சொன்னீர்களாம்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அறுபது வருஷம் அவர் தாலியோடும் குங்குமத்தோடும் இருந்தார். ஊரில் எந்தப் பெண்ணுக்கு நலங்கு வைத்தாலும் முதல் மஞ்சள் அவர் கையால்தான். புருஷனுக்காக இத்தனை வருஷம் காத்திருக்கிறவள் கை ராசியான கை என்று தேடி வந்து அழைப்பார்கள். என் கல்யாணத்துக்கும் அவர்தான் வைத்தார். அந்த நேரத்தில் நீங்கள் பந்தலில் இல்லை. சமையல் ஆட்களோடு பின்பக்கம் நின்றுகொண்டிருந்தீர்கள்.

சாவதற்கு மூன்று நாள் முன்பு, ஒரு பிற்பகலில், என்னைக் கதவைச் சாத்தச் சொன்னீர்கள். காலரா கண்டவர்களை ஒரு கொட்டகையில் தனியாகப் போட்டிருந்தார்கள் என்றீர்கள். ஒரு காலையில் அதை ஆட்களோடு சேர்த்துக் கொளுத்தச் சொல்லி உங்கள் கையில் பந்தத்தைக் கொடுத்தார்கள். உள்ளே பெரியப்பா கிடந்தார். முதுகில் துப்பாக்கியை வைத்தார்களா என்று கேட்டேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள்.

"மூச்சு இருந்துச்சா இல்லையான்னு குனிஞ்சு பாக்கலடா. செத்துட்டாருன்னு எந்த வாயால அண்ணிகிட்ட சொல்லுவேன்? நான் போனப்புறம் நீ சொல்லிடு."

எத்தனையோ முறை கிளம்பினேன், அப்பா. கூட்டேரிப்பட்டில் இறங்குவேன். அவர் கொடுக்கிற கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு, மல்லாட்டைக் கடலை விலையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். எண்பதைத் தாண்டியவரை விதவையாக்க நான் யார் என்று தோன்றும். சொல்லாமலே விட்டால் பெரியப்பாவுக்கு ஒரு வாய்த் தண்ணீர் விடக்கூட ஆளில்லையே என்று பஸ்ஸில் வரும்போது தோன்றும்.

போன மாதம் பெரியம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். அடுத்த கப்பல் எப்போது என்று பினாத்திக்கொண்டிருந்ததாக, அவரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மகள் சொன்னாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்ததும் போய்ச் சொல்லிவிட்டேன். காலரா என்பது வரைக்கும்தான் சொன்னேன்.

அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தேதி?" என்றார்.

"தெரியல, பெரிம்மா."

"இத்தினி வருஷம் இஸ்கோல்ல இன்னாதான் சொல்லிக் குடுத்த?"

தலையைக் குனிந்துகொண்டேன். எந்தெந்த ஊர் எந்தெந்தத் தேதியில் விழுந்தது என்று தெரிந்து வைத்திருந்த எனக்கு, நம் வீட்டு ஆள் ஒருவர் விழுந்த தேதி தெரியவில்லை. அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"உங்கப்பன் பக்கத்துல இருந்தானா?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை, அப்பா.

"இருந்தாரு," என்றேன்.

"அப்ப சரி. தனியாப் போவல."

நான் சொன்னது பொய் இல்லையே? இருந்தீர்கள்தானே?

பிறகு கழுத்தில் கையை வைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். "இத அறுக்க வேண்டிய கெழவிங்க எல்லாம் எனக்கு முன்னாடியே போய்ட்டாளுங்க. இருந்துட்டுப் போவட்டும்."

மறுநாள் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு நலங்கு. அழைக்க வந்தவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அன்றிலிருந்து தாலியைப் புடவைக்கு உள்ளே போட்டுக்கொள்கிறார். தம்பி மகள் போனில் சொன்னாள். நான் செய்தது சரியா? நீங்கள் இருந்திருந்தால் உங்களிடமும் கேட்டிருக்க முடியாது.

நான் கிளம்பும்போது அவர் சொன்னதை மட்டும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

"தேதி தெரியலன்னா, உங்கப்பன் தேதியிலயே வச்சிடு. அவன் எலைக்குப் பக்கத்துல அவருக்கும் ஒரு எலை போடு. ஒண்ணாத்தானே போனாங்க, ஒண்ணாவே குந்தட்டும்."

உங்கள் நினைவு நாள் அடுத்த வாரம் வருகிறது. அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார உங்களால் முடியுமா, அப்பா? என்ன செய்வது, அண்ணி கூப்பிட்டிருக்கிறார். வந்துதான் ஆக வேண்டும்.

நீங்கள் குனிந்து பார்க்காத கதை என்னோடு இருக்கும். அது கூட்டேரிப்பட்டுக்குப் போகாது. பெரியப்பாவின் இலையை முதலில் போட்டு, ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வைக்கிறேன். கற்பூரம் மட்டும் ஏற்ற மாட்டேன். யாராவது கேட்டால், வயசாகிவிட்டது, வாங்க மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பிறந்த மகன், பெரியப்பாவுக்கும் மகன் முறை,
ஏகாம்பரம்