அப்பா கிடக்கிற மலையில் ஒரு பங்கு

கொழும்பு

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் முத்துலிங்கம் வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் காலில் அட்டை கடித்த புண் ஆறிவிட்டதா? தங்கச்சி பூரணி இதைச் சத்தமாகவே வாசிக்கட்டும்; பயப்பட ஒன்றுமில்லை.

எங்கள் கம்பெனி தன் பங்குகளைப் பாதி விலைக்கு ஊழியர்களுக்குத் தந்தது. விருப்பமுள்ளவர் வாங்கலாம். நானும் கொஞ்சம் வாங்கினேன். குறைத்த பாதி விலையும் எனக்குக் கிடைத்த சம்பளம்தானாம். அதற்கு வரி பிடித்துவிட்டார்கள்.

"விக்காத பங்குக்கே வரியா?" என்று கணக்குப் பார்க்கும் பக்கீர் நானாவிடம் கேட்டேன்.

"இப்பவே வித்துருங்க தம்பி, வரி போகவும் கையில மிஞ்சும்," என்றார்.

எனக்கு மனம் வரவில்லை. நம்முடைய அக்கரப்பத்தனைத் தோட்டமும் இந்தக் கம்பெனியுடையதுதானே. மழையில் ஒரே கம்பளிக்குள் அப்பாவும் நானும் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடியது அந்த மலையில்தானே.

அதனால் இந்த மாதம் பணம் குறைவாக வரும், கோபிக்காதீர்கள். தோட்டத்துத் தேயிலைத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே குடிப்பதில் மணமே இல்லை.

தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், முடிக்கிறேன். அப்பாவைப் புதைத்த இடத்தில் புல்லை வெட்டிவிடுங்கள். யாராவது தடுத்தால், அந்த மலையில் நமக்கும் பங்கிருக்கிறது என்று சொல்லுங்கள்.

முத்துலிங்கம்