காகித ரவிக்கை

பழைய செய்தி நறுக்குகள் வைத்திருந்த தகரப் பெட்டியில் இன்று ஒரு காகித ரவிக்கை கிடைத்தது. முன்பக்கம் மட்டும். நடுவில் வரிசையாகப் பிரஸ் பட்டன்கள். ஒரு பக்கம் குமிழ், மறுபக்கம் குழி. துருவேறியிருந்தாலும் அழுத்தியதும் 'டிக்' என்று சேர்ந்துகொண்டன. உன்னிடம் பேச உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் சூலூரில் நாம் அடுத்தடுத்த போர்ஷன். நான் செய்தியாளர், நீ கோவையில் ஒரு மில்லில் டெலிபோன் ஆபரேட்டர். மொபெட்டிலிருந்து விழுந்ததில் உன் இடது கை தோளிலிருந்தே செயலற்றுப் போனது. டெலிபோன் போர்டில் உட்கார ஒரு கை போதும் என்று நீயே மில்லில் பேசிவிட்டு வந்தாய். முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேலை கட்டவும் பழகிவிட்டாய். ரவிக்கைக் கொக்கிதான் வழிக்கு வரவில்லை. ஒரு கை துணியை இழுத்துப் பிடித்தால்தான் மறு கை அதை மாட்ட முடியும். தினமும் உன் அம்மாதான் மாட்டிவிட்டார்.

"கைக்கொழந்தையாட்டம் நின்னு மாட்டிக்கிட்டு வேலைக்குப் போக மாட்டேன் புள்ள. நானே போட்டாத்தான் திங்கக்கெழம போவேன். இல்லீன்னா வேலையே வேண்டாம்" என்றாய். சொன்னால் சொன்னதுதான், நீ.

கொக்கிகளைப் பிரித்துவிட்டு பிரஸ் பட்டன் தைத்துப் பார்த்தோம். ஒரு கையால் அழுத்தினால் நெஞ்சுதான் வலித்தது, பட்டன் சேரவில்லை. ரவிக்கையைக் கழற்றி வீசிவிட்டு அழுதாய்.

"அடியில கெட்டியா ஏதாச்சும் வேணும் அம்மணி. இதைய வெச்சு அமுத்திப் பாரு" என்று உன் அம்மா தோசைக் கரண்டியை நீட்டினார். அழுகையோடு சிரித்துவிட்டாய்.

இனியும் துணியை வீணாக்க வேண்டாமென்று, செய்தித்தாளை அடுக்கடுக்காக ஒட்டி முன்பக்கம் ஒன்று வெட்டினோம். பட்டன்களை நான் தைத்தேன். அதை மார்பில் வைத்து வெகுநேரம் விரலால் துழாவிக்கொண்டிருந்தாய். பிறகு கட்டைவிரலை, கீழ்ப்புறம் பட்டன் தைத்திருந்த அடிப்பட்டிக்குப் பின்னால் நுழைத்து, ஆள்காட்டி விரலால் மேலிருந்து கிள்ளினாய். டிக்.

"அம்மா கெட்டியா வேணும்னாங்கல்லோ? வெரலு இருக்குது புள்ள!"

காகிதம் விறைப்பாக விலகி நின்றதால் விரல் நுழைந்தது. துணியில் அதற்கு இடமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான். அடிப்பட்டியை அகலமாக்கித் தளர்த்தித் தைத்தேன். காகிதத்தில் என் பெயரோடு வந்த செய்தி ஒன்று இருந்ததைக் கண்டுபிடித்து, "நீ எழுதுனது இப்பத்தான் ஒருத்திக்கு உபயோகமாகுது" என்று வேறு சொன்னாய்.

திங்கட்கிழமை காலை கதவைச் சாத்திக்கொண்டாய். நானும் உன் அம்மாவும் வெளியே நின்றோம். ஒரு டிக் கேட்டது. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. அம்மா கதவைத் தள்ளக் கையைக் கொண்டுபோனார்.

"ஆரும் உள்ள வந்துராதீங்க!"

அம்மா கையை எடுத்துக்கொண்டார். அடுத்த டிக். இன்னொன்று. கதவு திறந்தது.

"ஏனுங்கம்மா, இப்படி நின்னுட்டே இருந்தா எப்படீங்க? சோறு கட்டியாச்சுங்களா? கோயமுத்தூர் பஸ்ஸு போயிருமுங்க."

அன்று போன நீ, ஓய்வு பெறும்வரை அந்தப் போர்டில்தான் இருந்தாய்.

போன வாரம், முழங்கால் அறுவைக்குப் பின் முதல்முறையாக என் கணவர் மாடிப்படி ஏறினார். தாங்கிப் பிடிக்க நீண்ட என் கை பாதியில் நின்றுவிட்டது. அது நீ பழக்கியது. அவர் கைப்பிடியைப் பற்றி, நின்று நின்று ஏறினார். நான் கீழேயே இருந்தேன். கடைசிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க வரலீங்களா?"