பாதித் தலை

அரியாங்குப்பம்,
ஆடி இரண்டாம் வெள்ளி

அன்புள்ள அபிக்கு,

எங்கள் கடை போட்ட வீடியோவுக்கு நீ இதயம் போட்டிருக்கிறாய். கீழே “எங்க அம்மா சூப்பர்” என்றும் எழுதியிருக்கிறாய். அதில் நிற்பது உன் அம்மா இல்லை, உன் அம்மாவின் தலை. இங்கே அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், சாப்பாட்டுக்குக் குறையில்லை. நீ நலமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் நலம் என்பாய், போனில் எப்போதும் அதைத்தான் சொல்கிறாய், உன் பக்கத்தில் யாரோ இருமுகிற சத்தமும் எனக்குக் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். நம் தெரு எலக்ட்ரீஷியன் வடிவேல் நாளை மஸ்கட் கிளம்புகிறான், இதை உன் கையில் மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

போனில் நான் ஒன்று கேட்டால் நீ உடனே “ஏம்மா, என் முடிக்கு என்னா வாங்கலாம்” என்கிறாய். பார்லரில் வேலை செய்கிற பெண் அம்மாவிடம் ஷாம்பு கேட்கிறாள். சரி, முதலில் அதற்கே பதில் சொல்லி முடித்துவிடுகிறேன், பிறகு உனக்கு ஒளிய இடம் இருக்காது. உனக்கும் என் முடிதான், வறண்ட முடி, நெளி முடி, அதன்மேல் கலரும் போட்டாயிற்று. பாட்டிலின் முன்பக்கம் ஸ்மூத் என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்க்காதே, எல்லாவற்றிலும் அதுதான் எழுதியிருக்கும், நானே கடையில் ஒரே நாளில் பத்துப் பேருக்கு அந்த எழுத்தைக் காட்டி விற்றிருக்கிறேன். திருப்பிப் பின்பக்கம் படி. சல்ஃபேட் இல்லாத ஷாம்பு, கலர் போட்ட முடிக்கு என்று இருப்பது, அதுவும் வாரத்துக்கு இரண்டு தடவை போதும். கண்டிஷனரை உச்சியில் தேய்க்காதே, காதுக்குக் கீழே நுனி வரை தடவிக் கொஞ்சம் ஊறவிட்டு அலசு. சீரம் இரண்டு சொட்டு, ஈரம் இருக்கும்போதே. காய்ந்த பிறகு தடவினால் எண்ணெய் வழிகிற மாதிரிதான் இருக்கும், நெளி அடங்காது. துண்டால் அடித்துத் துவட்டாதே, அப்பாவின் பழைய பனியன் துணி ஒன்று நீ எடுத்துக்கொண்டு போனாயே, அதில் ஒற்றி எடு. அயர்ன் மெஷினைத் தினமும் வைக்காதே, வைத்தால் சூடு தாங்குகிற ஸ்ப்ரே அடித்துவிட்டு வை. புகை வந்து கண் எரிகிற மருந்து எதையும் தலையில் வைக்க விடாதே, யார் சொன்னாலும். அவ்வளவுதான். முடி விஷயம் முடிந்தது.

இப்போது என் தலைக்கு வருகிறேன். போன தையில் நீ வந்தபோது நரை தெரியுது என்று பழுப்புக் கலர் போட்டுவிட்டுப் போனாய். மறுநாள் கடைக்குப் போனேன், முதலாளி சுலோசனா அம்மா என்னைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். “காஞ்சி கெடக்குது, நெளி நெளியா நிக்குது, கலரும் போட்டிருக்கு, இப்படி ஒரு தலையத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன்” என்றார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்தேன். நடு வகிடு எடுத்து வலப்பக்கத்துக்கு மட்டும் விலை கூடின ஷாம்பு, கண்டிஷனர், சீரம், மெஷின். இடப்பக்கத்துக்கு ஒன்றும் கிடையாது, எண்ணெய் கூட வைக்கக்கூடாது. வாங்க வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரிய வேண்டுமாம். பின்னக்கூடாது, கொண்டை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. நேரு வீதியில் ஒரு கடைக்குள் பொம்மை வாங்கி வைக்கக் காசில்லாமலா என்னை நிற்க வைத்தார்கள்? பொம்மைக்கு வறண்ட முடி வராது, அதுதான். வருகிறவர்கள் என்னைக் கேட்காமல் தலையைத் தொடுகிறார்கள், விலையை மட்டும் சுலோசனா அம்மாவிடம் கேட்கிறார்கள். ஒரு அம்மா இடப்பக்கத்தைத் தொட்டுவிட்டுக் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். அவள் வீட்டில் மீன் வெட்டுகிறவள் தலையும் இப்படித்தான் இருக்கும், அவள் பார்த்திருக்கமாட்டாள்.

பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிற வீராயி என்னைப் பார்த்ததும் “எந்தப் பக்கத்துக்கு வேணும்னு சொல்லு, ஒரு மொழம் தரேன்” என்கிறாள். உன் அத்தை கலைமகள் பேத்திக்குக் காது குத்தினாள், போனேன், எல்லார் முன்னாடியும் “என்னா அண்ணி, ஒரு பக்கம் கல்யாண வீடு, ஒரு பக்கம் சாவு வீடா” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆடி முதல் வெள்ளிக்கு வீராம்பட்டினம் கோயிலுக்குப் போகவில்லை. அப்பா போய்விட்டு வந்து “உட்டுட்டு வாயேன், தலைய ஆட்டுனா சோறு போடுற வேல ஒரு வேலையா” என்று கேட்டார். ஏன் விட முடியவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கடை வாசலில் போய்க் கத்துவார், அது உன்மேல்தான் வந்து விழும்.

ஆவணியில் புதுக் கடை திறக்கிறார்கள். அன்றைக்கு முடியை நேராக்குகிற, புகை வருகிற அந்த மருந்தை எல்லார் முன்னாடியும் என் வலப்பக்கத்தில் போட்டு வீடியோ எடுக்கப்போகிறார்களாம். அதே மருந்தைப் போட்டு, என்னோடு கடையில் நின்ற சிவசங்கரிக்குக் காதுக்குப் பின்னால் தோல் உரிந்தது, முடி கொத்தாகக் கையோடு வந்தது. இப்போது அவளைக் குடோனுக்குள் போட்டுவிட்டார்கள், கண்ணில் படக்கூடாதாம். நான் வேண்டாம் என்றேன். சுலோசனா அம்மா கோபப்படவில்லை. “அபி எப்படி இருக்கா? அண்ணன் சொன்னாரு, நல்லா வேல செய்யிறாளாம். புள்ள அங்க நல்லபடியா இருக்கணும்ல நிர்மலா” என்றார்கள், சிரித்துக்கொண்டே. அவர்களுடைய அண்ணன் சக்கரபாணி மஸ்கட்டில் நடத்துகிற பார்லரில் உனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததற்கு ஊரெல்லாம் நன்றி சொன்னேன். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, அவர்கள் பிடித்துக்கொண்டிருப்பது என் தலையை மட்டும் இல்லை.

சிவசங்கரியின் அக்கா உன் பார்லரில் இருந்துவிட்டு வந்தவள். விமானத்தில் இருந்து இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிச் சக்கரபாணி தன் மேசையில் வைத்துப் பூட்டிக்கொள்வார், ஊருக்கு வர அவர் மனது வைத்தால்தான் வெளியே வரும் என்று சொல்கிறாள். நான் இதைத்தான் போனில் கேட்டேன். நீ கண்டிஷனர் கேட்டாய். மருந்தைப் பற்றிச் சொன்னபோதும் “போட்டுக்கோம்மா, ஃப்ரீதானே” என்றாய். அது உன் குரல் இல்லை அபி. நீ எனக்காகப் பயப்படுகிறாய், நான் உனக்காகப் பயப்படுகிறேன், அண்ணனும் தங்கையும் நிம்மதியாக வியாபாரம் பார்க்கிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடு, ஏசிக்கு நேராகப் படுக்காதே. அம்மன் உனக்குத் துணை இருப்பாள், நீ குறையில்லாமல் இருக்க வேண்டும். ஆடி முடிவதற்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும். உன் பாஸ்போர்ட் உன்னிடம் இருந்தால் மறுநாளே வேலையை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் எண்ணெய் வைத்துப் பின்னிக்கொள்வேன். இல்லை என்றால் அப்பாவிடம் சொல்லி, எந்த ஆபீசில் போய் நிற்க வேண்டுமோ அங்கே நிற்போம். இரண்டும் தெரியாமல் ஒரு பக்கமும் திரும்ப முடியவில்லை. வடிவேல் உன் முன்னால் நிற்பான், நீ பதில் சொல்கிற வரை கிளம்பாதே என்று சொல்லியிருக்கிறேன். அவனிடம் முடியைப் பற்றிப் பேசாதே. பாஸ்போர்ட் உன்னிடம் இருந்தால் எடுத்து அவனிடம் காட்டு. இல்லையென்றால் இல்லை என்று சொல்.

உன் அம்மா,
நிர்மலாதேவி