ஏழு மணி மாத்திரை

என் அன்பு வாயாடிக்கு,

இங்கே அப்பாவும் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் இருந்துகொண்டு உதைக்கிற சின்ன ஆளும் சௌக்கியம்தானே. போனில் பேசினால் உன் அம்மா நடுவில் பிடுங்கிக்கொள்வாள், அதனால் அவள் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். அவளுடைய வயிற்றுக் கட்டி ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போனதற்கு டாக்டர் ஊரில் இல்லை என்றோமே, அது பச்சைப் பொய். அவள் உடம்பில் ரத்தம் போதவில்லை. ஹீமோகுளோபின் குறைந்தது பதினொன்று இருந்தால்தான் கத்தி வைப்பேன் என்றார் டாக்டர், மூன்று மாதம் இரும்பு மாத்திரை விழுங்கியும் எட்டரையை விட்டு நகரவில்லை. நான் மாத்திரையைத் திட்டினேன், டாக்டரைத் திட்டினேன், நீ கீரையை ஒதுக்குகிறாய் என்று உன் அம்மாவையும் விட்டுவைக்கவில்லை.

கடைசியில் மருந்துக்கடைப் பெண்தான், எப்பங்க குடுக்கறீங்க, எதோட குடுக்கறீங்க என்று கேட்டாள். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் நேர அட்டவணை போட்டவனிடம் கேட்கிற கேள்வியா இது. காலை ஏழு மணி, ஒரு நாள்கூடத் தவறியதில்லை, இரும்பு மாத்திரையும் எலும்புக்கான கால்சியம் மாத்திரையும் ஒரே கிண்ணத்தில், என் கையால் போட்ட டீயோடு என்று மார்தட்டிச் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். டீயும் பாலும் கால்சியமும் கூட இருந்தால் இரும்பை உடம்பு சரியாக ஏற்காதாம். ஒரே வாசலில் மூன்று பஸ்ஸை முட்டவிட்டு, எல்லாம் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது என்று தினமும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அம்மா, டீ நல்லாத்தானே இருந்துச்சு, விடுங்க என்கிறாள். அதற்கு அவள் என்னை நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

இப்போது சமையலறைக் கதவில் புது அட்டவணை. எட்டு மணிக்குச் சாப்பாடு, வயிறு காலியானதும் பதினோரு மணிக்கு எலுமிச்சைச் சாறோடு இரும்பு மாத்திரை, சாறு அதை உள்ளே இழுத்துக்கொள்ள உதவுமாம். டீ மாலைக்குப் போய்விட்டது, கால்சியம் ராத்திரிச் சாப்பாட்டோடு. முதல் வாரம் குமட்டுகிறது என்றாள், கூடவே இரண்டு வாய் ரொட்டி தின்றதும் அடங்கிவிட்டது. ஏழே வாரத்தில் பதினொன்றே கால். நான் மருந்துக்கடைப் பெண்ணுக்கு ஒரு சல்யூட் அடித்தேன், கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை ஆபரேஷன். நீயும் உன் இரும்பு மாத்திரையை டீயில் முக்கி எடுக்காத குறையாகத்தான் விழுங்குவாய், என் பெண்தானே. உன் டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்.

ஒன்று சொல்ல வேண்டும், அதைத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன். ஆபரேஷன் ஆனபின் ஆறு வாரம் பயணம் கூடாதாம். உன் பிரசவத்துக்கு அம்மா அங்கே இருக்க மாட்டாள், குழந்தை பிறந்து மூன்று வாரம் கழித்துத்தான் வருவாள். அவளோ இன்னமும் நாளை விரல் விட்டு எண்ணிக்கொண்டு, எப்படியும் முன்னாலேயே போய்விடலாம் என்று பெட்டியில் துணி அடுக்குகிறாள். அந்த மூன்று மாதத்தையும் தின்றவன் நான்.

தாய் வேறு சேய் வேறாக நல்லபடியாகப் பிரிந்து, இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க அப்பாவின் ஆசிகள். மாத்திரைக்கும் டீக்கும் நடுவே இரண்டு மணி நேரம், மறக்காதே. வலி எடுக்கும்போது மனம் அம்மாவைத் தேடும், எனக்குத் தெரியும். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, எவ்வளவு நேரமானாலும் போனைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். அவளிடம் மட்டும், ஏன் வரலை என்று கேட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா