மகன் அடைக்கச் சொன்ன பல் இடைவெளி

செவ்வாய்க்கிழமை

கோபத்தில் சோறு இறங்கவில்லை.

ரெட்டியார்சத்திரத்துப் பாப்பாத்தியம்மாளுக்குப் பல் இருந்த காலத்தில் முன்பல் நடுவே இடைவெளி இருந்தது. பல்செட்டிலும் அது வேண்டும் என்றார். மகன் கல்யாணத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்த போட்டோவையும் வாய் அளவோடு சேர்த்து, அந்த மகன் கையிலேயே பல்செட் செய்யும் லேபுக்குக் கொடுத்தனுப்பினேன்.

இன்று சரிபார்ப்பதற்காக மெழுகில் அடுக்கி வந்த பல்லை அவருக்கு மாட்டிப் பார்த்தால் இடைவெளியைக் காணோம். லேபுக்குப் போன் போட்டேன்.

"மகன்தான் அடைக்கச் சொன்னாரு டாக்டர்."

எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன? வாய் யாருடையது?

பக்கத்தில் நின்ற மகன் கூசவே இல்லை. "இதுதான் டாக்டர் லட்சணமா இருக்கு. சந்துப் பல்லு என்னத்துக்கு?"

நான் கத்துவதற்குள் அந்த அம்மா செட்டைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"அம்புட்டு லட்சணமா இருந்தா நீயே மாட்டிக்க அப்பு."